கடைசி வரிசைக்கும் கேட்ட பிடில்

சங்கீத கலாநிதி டி. சௌடையாவின் வாழ்க்கை

பெங்களூரில் ஸ்ரீராம்புரம், மல்லேஸ்வரம், வயாலிகாவல் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்குப் பிடில் வடிவில் எழும்பி நிற்கும் ஒரு கட்டடம் நன்றாகத் தெரிந்திருக்கும். 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சௌடையா நினைவு மண்டபம் அது. நாடகம் பார்க்கவும், கச்சேரி கேட்கவும், பிள்ளைகளின் பள்ளி விழாவுக்காகவும் அங்கே போய் வந்தவர்கள் பலர். ஆனால் அந்த மண்டபத்துக்குப் பெயர் தந்தவரின் கதை முழுவதும் தெரிந்தவர்கள் இன்று அதிகம் இல்லை.

சாதாரணப் பிடிலுக்கு நான்கு தந்திகள். சௌடையா வாசித்த பிடிலுக்கு ஏழு தந்திகள். இந்த மூன்று தந்தி வித்தியாசத்தை வைத்துத் தென்னாட்டு ரசிகர்கள் நாற்பது ஆண்டுகள் வாதாடினார்கள். சபா வாசலிலும், ரயில் பெட்டியிலும், காப்பிக் கிளப்பிலும் அந்த வழக்கு நடந்தது. அவர் காலமாகி அறுபது ஆண்டுகள் நெருங்கும் நிலையிலும் தீர்ப்பு எழுதப்படவில்லை.

கூடலில் பிறந்தவர்

மைசூர் மாவட்டத்தில் காவிரியும் கபினியும் கூடும் இடம் திருமகூடலு நரசீபுரம். அகஸ்தீஸ்வரர் கோயிலும் குஞ்சா நரசிம்மர் கோயிலும் உள்ள புண்ணியத் தலம். அங்கே, திருமகூடலு என்ற சிற்றூரில் 1895ஆம் ஆண்டில் சௌடையா பிறந்தார். ஊரின் பெயரையே முதலெழுத்தாகக் கொண்டார். பிற்காலத்தில் கீர்த்தனைகள் இயற்றியபோது திரிமகுட என்று அதே ஊரின் பெயரையே முத்திரையாக வைத்தார்.

அந்த நாளில் மைசூர் சமஸ்தானம் சங்கீதத்துக்குப் பேர்போன இடம். அரண்மனையில் ஆஸ்தான வித்துவான்கள் பலர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பிடாரம் கிருஷ்ணப்பா. வாய்ப்பாட்டில் வல்லவர். தியாகையர் கீர்த்தனைகளையும் புரந்தரதாசரின் பதங்களையும் உருக்கமாகப் பாடிப் புகழ் பெற்றவர். சீடர்களிடம் மிகவும் கண்டிப்பானவர்.

1910ஆம் ஆண்டில் சௌடையா அவரிடம் குருகுலவாசம் சேர்ந்தார். சுமார் எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். குருகுலம் என்றால் இன்றுள்ளதுபோல் வாரத்துக்கு இரண்டு வகுப்பு அல்ல. குரு வீட்டு வேலைகளைச் செய்ய வேண்டும். விடியுமுன் எழுந்து சாதகம் செய்ய வேண்டும். குரு பாடும்போது பக்கத்தில் இருந்து கேட்டுப் பிடிக்க வேண்டும். பாடகர் ஒருவரிடம் பிடில் கற்றதனால் சௌடையாவுக்கு ஒரு பெரிய நன்மை ஏற்பட்டது. பாட்டின் சாகித்தியம் எங்கே நிற்கிறது, எங்கே மூச்சு விழுகிறது, எந்த எழுத்துக்கு அழுத்தம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாயின. பின்னாளில் எந்தப் பாடகருக்கு வாசித்தாலும் வில் அந்தப் பாட்டின் சொல்லைப் பின்பற்றிச் சென்றதற்கு இந்தப் பயிற்சியே அடிப்படை எனலாம்.

மைக் இல்லாத காலம்

சௌடையா மேடை ஏறிய நாளில் ஒலிபெருக்கி கிடையாது. இதை இன்றைய வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் கதை விளங்கும்.

கோயில் திருவிழா, கல்யாண வீடு, கொட்டகை, சபா என்று எங்கே கச்சேரி நடந்தாலும் பாடகர் தம் தொண்டையை நம்பித்தான் பாட வேண்டும். ஆகவே சுருதியை ஏற்றி வைத்து, வாய் திறந்து, கணீரென்று பாடினார்கள். மிருதங்கத்துக்கு ஒலிப் பஞ்சம் இல்லை. கடம், கஞ்சிரா, மோர்சிங், டோலக் என்று பெரிய கூட்டமாகத் தாளவாத்தியங்கள் உட்கார்ந்த காலமும் அதுதான். இத்தனைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது பிடில்.

பிடில் நம் நாட்டு வாத்தியம் அல்ல. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைக் கையில் எடுத்து நம் சங்கீதத்துக்குப் பழக்கினார்கள். குரலை அப்படியே பின்தொடரும் சக்தி அதற்கு உண்டு என்பதால் வீணையை ஒதுக்கிவிட்டுப் பக்கவாத்தியமாக அது நிலைத்துவிட்டது. ஆனால் அதன் நாதம் மென்மையானது. மேல்நாட்டுச் சங்கீதத்தில் பல பிடில்கள் சேர்ந்து வாசித்து அந்தக் குறையை நிரப்புவார்கள். நம் கச்சேரியிலோ ஒரே ஒரு பிடில். அதுவும் வாசிப்பவர் தரையில் உட்கார்ந்து, கருவியின் தலைப்பக்கத்தைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பது. நாதம் முன்னால் இருப்பவர்களைத் தாண்டிப் போவது கடினம்.

முன்வரிசையில் யார் உட்காருவார்கள்? ஜமீன்தார், வக்கீல், மிராசுதார், உத்தியோகஸ்தர். அவர்களுக்குப் பிடில் கேட்டது. பின்னால் பாய் விரிப்பிலும், பந்தலுக்கு வெளியே மண்ணிலும் உட்கார்ந்த ஜனங்களுக்குப் பிடில்காரரின் கை அசைவது தெரிந்தது, வாசிப்புக் கேட்கவில்லை. பாடகர் ஆலாபனையை முடித்துப் பிடில்காரருக்கு விட்ட நேரம் அவர்களுக்கு வெற்று நேரமாகவே போயிற்று.

மூன்று தந்தி கூடிற்று

இந்தக் குறையைத் தீர்க்க சௌடையா வெகுவாக யோசித்தார். வில்லை அழுத்தி வாசித்தால் சத்தம் கூடும்; ஆனால் கீச்சென்ற ஒலியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கருவியிலேயே கை வைத்தார். 1927ஆம் ஆண்டு வாக்கில், இருக்கிற நான்கு தந்திகளுக்குத் துணையாக மேலும் மூன்று தந்திகளைக் கட்டி ஏழு தந்திப் பிடிலை உருவாக்கினார்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த மாற்றத்தில் உள்ள சிரமத்தைப் பிடில் வாசிப்பவர்களே அறிவார்கள். முதலாவது, கூடுதல் தந்திகளின் இழுப்பைத் தாங்க வேண்டும். பாலத்தில் ஏழு தந்திகளுக்கும் இடம் வேண்டும். தலைப்பக்கத்தில் ஏழு முறுக்காணி வேண்டும். இரண்டாவது, இணையாகக் கட்டிய தந்திகள் இம்மியும் பிசகாமல் சுருதி சேர வேண்டும். சிறிது விலகினாலும் இரண்டும் ஒன்றோடொன்று மோதி அலையலையாக இரையும். மூன்றாவது, ஒரே விரல் நுனி இரண்டு தந்திகளையும் சமமாக அழுத்திக்கொண்டே வழுக்க வேண்டும். நம் சங்கீதத்தில் கமகம்தான் உயிர். விரல் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தில் இரண்டு தந்திகளும் இரட்டைக் குழந்தைகள் கைகோத்துப் போவதுபோல் சேர்ந்தே போக வேண்டும். பிடிலில் விரலுக்கு வழிகாட்ட வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகளும் கிடையாது.

இத்தனையையும் சாதகத்தால் வென்றார் சௌடையா. குரு பிடாரம் கிருஷ்ணப்பா 1931ஆம் ஆண்டு வரை ஜீவித்திருந்தார். கண்டிப்பான குரு இருக்கும்போதே, சம்பிரதாயத்தைப் போற்றும் மைசூரில் இருந்துகொண்டே இந்த மாற்றத்தைச் செய்தார் என்பதிலிருந்து அவருடைய மனத்துணிவை உணரலாம்.

கடல் கடந்த நாடுகளிலும் கலைஞர்களுக்கு இதே கவலை இருந்தது. 1899ஆம் ஆண்டில் லண்டனில் ஸ்ட்ரோ என்பவர் பிடிலின் மர உடலை எடுத்துவிட்டு, கிராமபோன் குழாய் போன்ற ஓர் உலோகக் குழாயைப் பொருத்தினார். இசைத்தட்டுப் பதிவுக்கு மென்மையான பிடில் போதவில்லை என்பதே காரணம். அமெரிக்காவில் ஜாஸ் கோஷ்டிகள் பெருகியபோது டிரம்பெட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே கித்தார் வாசிப்பவரின் நாதம் அமுங்கிப் போயிற்று. 1927ஆம் ஆண்டில் ஜான் டோபியேரா என்ற தொழிலாளி, மெல்லிய உலோகக் கூம்புகளை உள்ளே வைத்துச் சத்தம் கூட்டிய கித்தார் ஒன்றை அங்கே வெளிக்கொண்டு வந்தார். 1939ஆம் ஆண்டில் பென்னி குட்மன் கோஷ்டியில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் மின்சாரக் கித்தாரைக் கொண்டே அந்தக் குறையை அடியோடு போக்கினார். அவர்கள் கம்பெனியும் மின்சாரமும் துணையாக நின்று செய்ததை, ஏறக்குறைய அதே காலத்தில் மைசூர் நாட்டு வித்துவான் ஒருவர் தம் கைத்திறனை மட்டும் நம்பிச் செய்தார்.

செம்பையும் சௌடையாவும்

காவிரி மைசூரில் பாய்ந்து தஞ்சைக்கு வருவதுபோல் சௌடையாவின் பிடிலும் தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்த நாளில் வித்துவானுக்குப் பெரிய பெயர் வர வேண்டுமானால் சென்னைச் சபாக்களும் தஞ்சை ஜில்லா ரசிகர்களும் தலையசைக்க வேண்டும். கன்னடம் பேசும் ஒரு பிடில்காரரை அந்த ரசிகர்கள் தங்கள் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

செம்பை வைத்தியநாத பாகவதருடன் அவருக்கு அமைந்த ஜோடி தனிச்சிறப்பு வாய்ந்தது. செம்பைக்கு வெண்கல மணி போன்ற சாரீரம். அந்தச் சாரீரத்துக்கு ஈடுகொடுக்க மெலிந்த பிடில் போதாது. ஏழு தந்தியும் வெண்கலக் குரலும் சேர்ந்தபோது பந்தல் முழுவதும் நிறைந்தது. மிருதங்கத்துக்குப் பாலக்காடு மணி ஐயரும் அமர்ந்துவிட்டால் ரசிகர்களுக்கு வேறு என்ன வேண்டும்? இந்த மூவரின் பெயரும் ஒன்றாக நோட்டீஸில் வந்தால் வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்ட காலம் அது.

அரியக்குடி, மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், முசிரி, செம்மங்குடி, ஆலத்தூர் சகோதரர்கள், மதுரை மணி, ஜி. என். பி. என்று அந்தத் தலைமுறையின் முன்னணிப் பாடகர்கள் எல்லோருக்கும் சௌடையா வாசித்தார். இவர்கள் ஒவ்வொருவரின் பாணியும் வேறு. அரியக்குடியின் பாட்டு அளந்து வைத்தது. ஜி. என். பி.யின் பிருகாக்கள் மின்னலாக ஓடுவன. ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவி கணக்கு நிறைந்தது. பாடுகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அவர் முடிக்கும் இடத்தில் தாமும் முடித்து, தமக்கு முறை வரும்போது அவர் கட்டிய கட்டடத்தின் மேலேயே அடுத்த மாடியை எழுப்ப வேண்டும். பக்கவாத்தியம் என்பது இதுதான். முன்கூட்டி ஒத்திகை பார்ப்பது நம் கச்சேரியில் வழக்கமில்லை.

புல்லாங்குழல் மாலி மிக இளம் வயதிலேயே பெரிய மேடைகளுக்கு வந்துவிட்டார். அவருக்கும் சௌடையா பிடில் வாசித்தார். வயதிலும் அனுபவத்திலும் முப்பது ஆண்டு இளையவரான ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதை அவர் குறைவாக எண்ணவில்லை. அந்த மாலி தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1986ஆம் ஆண்டில் கண்மூடியதும் நம் பெங்களூரில்தான்.

ரசிகர்களின் வழக்கு

அந்தத் தலைமுறையின் பிடில் மேதைகளில் மூவரை ரசிகர்கள் சேர்த்துப் பேசுவது வழக்கம். துவாரம் வேங்கடசாமி நாயுடு, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, சௌடையா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆந்திர நாட்டின் பெருமையாகக் கருதப்பட்ட துவாரம் 1893ஆம் ஆண்டில் பிறந்தது பெங்களூரில். வளர்ந்தது விசாகப்பட்டினத்தில். புகழ் பெற்றது விஜயநகரத்தில்.

துவாரத்தின் வாசிப்பு மெல்லிய பட்டு போன்றது. நான்கே தந்திகள். வில் தந்தியைத் தொடுகிறதா, தடவுகிறதா என்று ஐயுறும்படி இருக்கும். பிடிலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர்களில் அவர் முதன்மையானவர். 1952ஆம் ஆண்டில் உலகப் புகழ் பெற்ற பிடில் மேதை யெஹூதி மெனுஹின் இந்தியா வந்தபோது துவாரத்தின் வாசிப்பைக் கேட்டு வியந்தார். ராஜமாணிக்கம் பிள்ளையோ இனிமைக்கும் அடக்கத்துக்கும் பெயர் பெற்றவர். பாடகரை மேலே தூக்கிக் காட்டிவிட்டுத் தாம் பின்னால் நிற்பவர்.

இந்த இருவரின் ரசிகர்களும் சௌடையாவின் மீது வைத்த குற்றச்சாட்டுகள் மூன்று. நாதம் பெரிதாக இருக்கிறதே தவிர நயம் குறைகிறது என்பது முதல் குற்றச்சாட்டு. இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிப்பதால் நுண்ணிய கமகங்களின் விளிம்பு மங்கிவிடுகிறது என்பது இரண்டாவது. மெல்லிய சாரீரம் படைத்த பாடகருக்கு அவர் வாசித்தால் பக்கவாத்தியம் முன்னே வந்து பாட்டு பின்னே போய்விடுகிறது என்பது மூன்றாவது.

சௌடையா கட்சியினர் சும்மா இருப்பார்களா? கேட்காத நயத்தால் யாருக்கு என்ன பயன் என்று திருப்பிக் கேட்டார்கள். அவருடைய வில் நீளமாகவும் இடைவிடாமலும் போவதால் ஆலாபனையில் பாட்டே பாடுவதுபோல் இருக்கிறது என்றார்கள். கல்பனாஸ்வரத்தில் அவர் பாடகருக்குக் கொடுக்கும் உந்துதலால் சாதாரணக் கச்சேரியும் சூடு பிடித்துவிடும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தலின் கோடியில் நின்றவர்கள் அவரால்தான் முதன்முதலாகப் பிடிலைப் பிடிலாகக் கேட்டார்கள் என்பது அவர்களுடைய வாதம்.

நடுநிலையில் நின்று பார்த்தால் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர் கேட்கும் சங்கீதத்துக்குத் துவாரத்தின் வழி உகந்தது. ஊர்த் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் கேட்கும் சங்கீதத்துக்குச் சௌடையாவின் வழி தேவைப்பட்டது. சங்கீதம் யாருக்காக என்ற கேள்விதான் இந்த வழக்கின் அடியில் இருந்தது. அறிந்தவர் சிலருக்கா, வந்தவர் எல்லோருக்குமா? சௌடையா இதற்குப் பிரசங்கம் செய்து விடை கூறவில்லை. மூன்று தந்தியைக் கூட்டிக் கட்டி விடை கூறினார்.

மைக் வந்த பிறகு

1930களில் தென்னாட்டு மேடைகளுக்கு மைக் வரத் தொடங்கியது. 1938ஆம் ஆண்டில் சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. மைசூரில் அதற்கும் முன்பே, 1935ஆம் ஆண்டில், பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் சொந்த முயற்சியில் ஆகாசவாணி என்ற பெயரில் ஒலிபரப்பு நடத்திக் காட்டினார். பாடகரின் முணுமுணுப்பும் கடைசி வரிசைக்குக் கேட்கும் காலம் வந்துவிட்டது.

ஏழு தந்திக்கு இருந்த காரணம் அத்துடன் போய்விட்டது. சௌடையாவே கண்டு வருந்திய குறையை ஓர் இரும்புப் பெட்டியும் கம்பியும் தீர்த்துவிட்டன. வேறொருவராக இருந்தால் பழையபடி நான்கு தந்திக்கே திரும்பியிருப்பார். சௌடையா திரும்பவில்லை. சத்தத்துக்காகக் கட்டிய தந்திகள் காலப்போக்கில் அவருடைய நாதமாகவே ஆகிவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது சௌடையா என்று சொல்லிவிடும்படி ஒரு தனிக்குரல் அந்தப் பிடிலுக்கு அமைந்துவிட்டது. தம் குரலை யாராவது விட்டுக்கொடுப்பார்களா?

புதிய தலைமுறை வேறு வழியில் சென்றது. லால்குடி ஜெயராமன், டி. என். கிருஷ்ணன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் நான்கு தந்தியிலேயே உச்சிக்குப் போனார்கள். மைக் இருந்ததால் மெல்லிய நெளிவுகளைக்கூட அவர்களால் ஆயிரம் பேருக்கு முன் தயக்கமின்றி வாசிக்க முடிந்தது.

மேடைக்கு வெளியே

சௌடையாவின் ஆசைகள் பிடிலோடு நிற்கவில்லை. 1943ஆம் ஆண்டில் வெளிவந்த வாணி என்ற கன்னடப் படத்தின் தயாரிப்பில் ஈடுபட்டு அதில் தாமும் தோன்றினார். செம்பை பாட, மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, அவர் பிடில் வாசிக்கும் காட்சி அந்தப் படத்தில் உண்டு. அந்த மூவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்த கோலத்தை நேரில் பார்க்காத தலைமுறைக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரும் பொக்கிஷம்.

மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பா தொடங்கிய பிரசன்ன சீதாராம மந்திரம் அவர் காலத்தில் பூர்த்தியாகவில்லை. சீடர் அதை எடுத்து முடித்தார். பாட்டு நடக்கும் கோயிலாக அது விளங்கிற்று. மைசூரில் அய்யனார் இசைக் கல்லூரியையும் நடத்தினார். அரண்மனையின் ஆஸ்தான வித்துவானாக விளங்கினார். தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் கீர்த்தனைகள் இயற்றினார்.

1957ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் வழங்கியது. துவாரத்துக்கு 1941ஆம் ஆண்டிலும், ராஜமாணிக்கம் பிள்ளைக்கு 1948ஆம் ஆண்டிலும் கிடைத்த கௌரவம் அது. மூவரில் கடைசியாக அவருக்கு வந்தாலும், பக்கவாத்தியத்தையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்தது பக்கவாத்தியக்காரர் அனைவருக்கும் பெருமையாயிற்று.

நேரில் கேட்டவரும் தட்டில் கேட்டவரும்

சௌடையாவைப் பற்றி இரண்டு தலைமுறை ரசிகர்களின் கருத்து ஒத்துப் போவதில்லை. அதற்கு ஒரு காரணம் இசைத்தட்டும் டேப்பும் ஆகும்.

78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கிடைக்கும். விஸ்தாரமாக வாசிக்கிறவருக்கு அது கைவிலங்கு போன்றது. மேலும் பதிவுக் கருவிக்குப் பெரிய நாதமும் சிறிய நாதமும் ஒன்றுதான். கருவியின் திருகைத் திருப்பினால் சிறியது பெரிதாகும், பெரியது சிறிதாகும். எந்தச் சிறப்புக்காக ஏழு தந்தி பிறந்ததோ, அந்தச் சிறப்பு இசைத்தட்டில் அடியோடு காணாமற் போய்விடுகிறது. மிஞ்சுவது இரட்டைத் தந்தியின் சிறு கரகரப்பு. ஆகவே தட்டில் மட்டும் கேட்டவர்கள் இதற்கா இத்தனை புகழ் என்று கேட்கிறார்கள். பந்தலில் கேட்ட பெரியவர்களோ அந்த நாதம் நெஞ்சில் வந்து மோதியதை மறக்க முடியாமல் இருந்தார்கள்.

சபா அன்பர்களும் வீட்டு ரசிகர்களும் டேப்பில் பிடித்து வைத்த முழுக் கச்சேரிகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. செம்பையுடனும், மாலியுடனும், ஜி. என். பி.யுடனும் அவர் வாசித்த பதிவுகளைக் கைமாற்றிக் கைமாற்றி ரசிகர்கள் காப்பாற்றினார்கள். இன்று அவை கைப்பேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன. முதலில் கேட்பவர்கள் பிடிலின் சத்தத்தைக் கவனிக்காமல், பாடகர் ஒரு சங்கதியை முடித்த கணத்துக்கும் பிடில் அதைப் பிடித்துக்கொள்ளும் கணத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கவனிக்க வேண்டும். இடைவெளியே இருக்காது. மாலியின் குழல் எதிர்பாராத திசையில் பறக்கும்போது பிடில் நிழல்போல் கூடவே பறப்பதைக் கேட்கலாம். அதற்கு ஏழு தந்தி காரணம் அல்ல. இரண்டு காதும் ஒரு மனமும்தான் காரணம்.

பெங்களூர்வாசிகளுக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்ரீ ராமசேவா மண்டலி, ராமநவமியை ஒட்டிச் சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடத்திய கச்சேரிகள் நம்மவர்களுக்கு நன்கு தெரிந்தவை. தமிழ்நாட்டு வித்துவான்கள் ஆண்டுதோறும் வந்து பாடிய மேடை அது. இன்னார் பாட்டு எடுபட்டது, இன்னார் பிடில் சோடை போயிற்று என்று கன்னடியரும் தமிழரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசிக்கொண்டு வீடு திரும்பிய தெருக்கள் சாமராஜப்பேட்டைத் தெருக்கள். மொழி வேறானாலும் ராகம் ஒன்று என்பதால் அந்தச் சண்டையில் கசப்பு இருந்ததில்லை.

மறைவும் மிச்சமும்

1967ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி சௌடையா காலமானார். துவாரம் 1964ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். ராஜமாணிக்கம் பிள்ளை 1970ஆம் ஆண்டில் மறைந்தார். ஒரு சகாப்தம் ஆறே ஆண்டுகளில் முடிந்துவிட்டது.

சௌடையாவின் சீடர்களில் கர்நாடகத்தில் வி. சேதுராமையாவும், தமிழ்நாட்டில் கண்டதேவி அழகிரிசாமியும் பெயர் பெற்றவர்கள். அழகிரிசாமி எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாருக்குப் பல ஆண்டுகள் பிடில் வாசித்தார் என்பதை இசை ரசிகர்கள் அறிவார்கள். ஆனால் ஏழு தந்திப் பிடில் ஒரு பரம்பரையாகத் தொடரவில்லை. இன்றைய பிடில் வித்துவான்கள் நான்கு தந்தியையே கையாளுகிறார்கள். கர்நாடக அரசு இசைக் கலைஞர்களுக்குச் சௌடையா பெயரில் விருது அளித்து வருகிறது. சங்கீத ரசிகரான கே. கே. மூர்த்தியின் பெருமுயற்சியால் பெங்களூரில் பிடில் வடிவ மண்டபம் எழும்பிற்று. கலைஞர் ஒருவரின் கருவியையே கட்டடமாக எழுப்பியது அரிய மரியாதை.

ஏழு தந்தி தொடராமல் போனதால் அவருடைய முயற்சி தோற்றுவிட்டது என்று சிலர் கருதலாம். அது சரியல்ல. கிணற்றில் ஏற்றம் இறைத்தவர் பம்பு செட்டு வந்ததும் தோற்றுப் போனவர் ஆகமாட்டார். பம்பு வரும் வரை பயிரைக் காத்தவர் அவரே. மைக் வருவதற்கு முந்திய காலத்தில், டிக்கெட்டுக்குக் காசில்லாமல் பந்தலுக்கு வெளியே நின்ற மனிதனுக்கும் பிடில் கேட்க வேண்டும் என்று நினைத்து அதற்காகத் தம் கருவியையே மாற்றிக்கொண்டவர் சௌடையா. பெரியவர்களின் பரிகாசத்தையும் அதற்காகத் தாங்கிக்கொண்டார். அவர் நாதம் உயர்ந்ததா, துவாரத்தின் நாதம் உயர்ந்ததா என்பதை ரசிகர்கள் இன்னும் நூறாண்டு வாதாடட்டும். அப்படி வாதாடும் உரிமை முன்வரிசைக்காரர்களோடு பின்வரிசைக்காரர்களுக்கும் கிடைத்ததற்கு அந்த மூன்று தந்திகளும் ஒரு காரணம்.